8 ஜிபி ரேமோடு 16 ஜிபி ரேம்: தனித்தனியாக ஓடுகிறது, சேர்த்தால் நீலத்திரை

கடலைமிட்டாய் (ஜனவரி 9, இரவு 10.40)

எல்லோருக்கும் வணக்கம். நான்கு நாளாக இதோடு மல்லுக்கட்டுகிறேன், அதனால் பதிவு கொஞ்சம் நீளம்.

2020-ல் வாங்கிய 14 அங்குல லேப்டாப். பிராசஸர் ஐ5-10210யூ. ரேமுக்கு இரண்டு ஸ்லாட். வாங்கும்போது ஒன்றில் 8 ஜிபி டிடிஆர்4 இருந்தது, இன்னொன்று காலி. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றதும் 11-க்கு மாறினேன். அதிலிருந்து பிரௌசரில் பத்துப் பக்கம், ஒரு எக்ஸெல், ஒரு ஆபீஸ் மீட்டிங் திறந்தாலே வண்டி திணறியது. சரி, ரேம் ஏற்றலாம் என்று போனால் புது ரேமின் விலை இப்போது எங்கேயோ நிற்கிறது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் பழைய 16 ஜிபி ரேம் ஒன்று, ஒரு மாத கேரண்டியோடு கிடைத்தது. வாங்கி வந்து நானே மாட்டினேன்.

முதல் நாள் ஒன்றும் இல்லை. டாஸ்க் மேனேஜரில் 24 ஜிபி என்று பார்த்ததும் அப்படி ஒரு சந்தோஷம். இரண்டாம் நாள் விண்டோஸ் விழுந்து நீலத்திரை, "மெமரி மேனேஜ்மென்ட்" என்று. மூன்றாம் நாள் வேறு பெயரில் நீலத்திரை. நேற்று தங்கை கல்யாணப் படங்களை எஸ்டி கார்டிலிருந்து ஏற்றி ஒரே ஜிப்பாகக் கட்டினேன். திறந்தால் சிஆர்சி எரர், அதாவது ஃபைல் கெட்டிருக்கிறது.

பழைய 8 மட்டும் போட்டால் நன்றாக இருக்கிறது. புது 16 மட்டும் போட்டு அரை நாள் வைத்திருந்தேன், அதுவும் நன்றாக இருந்தது. இரண்டையும் சேர்த்தால் ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். கடையில் கேட்டால், "உங்களுடைய ரேமின் வேகம் 2666, இது 3200, மேட்ச் ஆகாது சார். பழையதைத் தூக்கிவிட்டு இன்னொரு 16 வாங்கிப் போடுங்கள்" என்கிறார்கள். விண்டோஸில் இருக்கும் மெமரி சோதனையை ஓட்டினேன், பிழை இல்லை என்று வந்தது.

கடைக்காரர் சொல்வது உண்மையா? இன்னொரு 16-க்குச் செலவு செய்யலாமா?

கேமர் கருப்பு (ஜனவரி 9, இரவு 11.05)

கடைக்காரர் சொன்னது சரிதான் பாஸ். ரேம் என்றால் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே வேகம். 2666-ஐயும் 3200-ஐயும் கலந்தால் இப்படித்தான் ஆகும். இரண்டையும் விற்றுவிட்டு 8+8 கிட் ஒன்று வாங்கிவிடுங்கள்.

வன்னிக்காரன் (ஜனவரி 9, இரவு 11.30)

கருப்பு சொல்வதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். என்னுடைய மடிக்கணினியில் 4 ஜிபி போர்டிலேயே ஒட்டி வந்தது, கழற்ற வழியில்லை. இருந்த ஒரே ஸ்லாட்டில் 16 போட்டேன். வேறு கம்பெனி, வேறு வேகம். நான்கு வருசமாக ஒரு நாளும் விழவில்லை. பற்றரிதான் செத்தது, ரேம் இல்லை.

ஸ்க்ரூடிரைவர் சிகாமணி (ஜனவரி 10, காலை 7.15)

கடலைமிட்டாய் தம்பி, அவசரப்பட்டு எதையும் விற்காதே. கோவையில் இருபது வருடமாக இந்த வேலைதான் பார்க்கிறேன். "மேட்ச் ஆகாது" என்பது கடையில் எல்லாரும் சொல்கிற பதில். அதில் பாதி உண்மை இருக்கிறது, ஆனால் உன் கேஸுக்கு அது பொருந்துமா என்பது வேறு விஷயம்.

ஜோடி மாட்டு வண்டி பார்த்திருப்பாய். ஒரு மாடு மெதுவாக நடந்தால் இன்னொன்றும் அதற்குத் தகுந்தபடிதான் நடக்க வேண்டும். ரேமும் அப்படித்தான். உன் பிராசஸர் டிடிஆர்4-ல் 2666-க்கு மேல் போகாது. 3200 ரேமைத் தனியாகப் போட்டாலும் 2666-ல்தான் ஓடும். ஆக நீ எப்படி மாட்டினாலும் இரண்டும் ஒரே வேகம்தான். 3200 என்று எழுதியிருப்பதால் மட்டும் எதுவும் விழாது.

ஒவ்வொரு ரேமிலும் எள் மாதிரி ஒரு குட்டி சிப் இருக்கும், எஸ்பிடி என்பார்கள். இந்த வேகத்தில் ஓடினால் இவ்வளவு தாமதம் வேண்டும் என்ற கணக்கு அதில் எழுதியிருக்கும். ஸ்விட்சைப் போட்டதும், விண்டோஸுக்கு முன்னால் எழுகிற பயாஸ் இரண்டு ரேமின் கணக்கையும் படித்து, இரண்டுக்கும் ஒத்துவருகிற மெதுவான கணக்கை எடுத்துக்கொள்ளும். நல்ல ரேம் இரண்டு என்றால் பத்தில் ஒன்பது தடவை ஒரு பிரச்சினையும் வராது. என் அனுபவம் இது.

அளவு வேறாக இருப்பதும் குற்றமில்லை. 8-ம் 16-ம் சேர்ந்தால் இதிலிருந்து 8, அதிலிருந்து 8 ஜோடி சேர்ந்து இரட்டைச் சேனலில், அதாவது இரண்டு பாதையிலும் ஒரே நேரத்தில், ஓடும். மிச்சம் 8 ஒற்றைச் சேனலில் ஓடும். இன்டெல் இதற்கு ஃப்ளெக்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறது. வன்னிக்காரன் தம்பியின் 4+16-ம் அதே கதைதான்.

இப்போது எனக்கு வேண்டியது இரண்டு ரேமிலும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள எழுத்து. ஒன்று விடாமல் எழுது. ஸ்டிக்கரை மட்டும் பிய்த்துவிடாதே, கேரண்டி போய்விடும்.

கேமர் கருப்பு (ஜனவரி 10, காலை 9.20)

அண்ணா, மெதுவான கணக்கை எடுத்துக்கொள்ளும் என்பது சரி. ஆனால் எல்லா ரேமிலும் அந்தக் கணக்கு முழுசாக இருக்காது. கேமிங் ரேம் ஒன்றைப் போட்டுப் பட்டிருக்கிறேன். 3200 என்று போட்டிருந்தது, லேப்டாப்பில் 2400-ல்தான் ஓடியது.

ஸ்க்ரூடிரைவர் சிகாமணி (ஜனவரி 10, காலை 9.45)

நல்ல பாயின்ட் கருப்பு. அது எக்ஸ்எம்பி ரேம், கூடுதல் வேகத்துக்குத் தனிக் கணக்கு எழுதியது. பெட்டியில் போட்டிருக்கும் வேகம் எக்ஸ்எம்பியை இயக்கினால்தான் வரும். அந்த வசதி பெரும்பாலான லேப்டாப் பயாஸில் கிடையாது. அப்போது அது தன் சாதாரணக் கணக்குக்கு இறங்கி ஓடும். வேகம் குறையும், ஆனால் அதனால் நீலத்திரை வராது. உனக்கும் வரவில்லை, இல்லையா?

கேமர் கருப்பு (ஜனவரி 10, காலை 9.52)

வரவில்லை அண்ணா.

கடலைமிட்டாய் (ஜனவரி 10, மாலை 6.30)

ஆபீஸ் முடிந்து வந்து கழற்றினேன். இதுதான் இருக்கிறது:

பழையது: 8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-2666வி
புதியது: 16ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி4-3200ஏஏ

இந்த 1ஆர், 2ஆர் வேறாக இருக்கிறதே, அதுதான் காரணமோ?

நள்ளிரவு லினக்ஸ் (ஜனவரி 10, இரவு 7.10)

நானும் கொஞ்சம் நுழைகிறேன். 1ஆர், 2ஆர் என்பது ரேங்க். ரேமுக்கும் பிராசஸருக்கும் நடுவே இருக்கும் பாதை 64 பிட் அகலம். எக்ஸ்8 என்றால் ஒரு சிப் 8 பிட் தரும், எனவே 64 பிட்டை நிரப்ப எட்டுச் சிப் வேண்டும். அந்த எட்டும் சேர்ந்தது ஒரு ரேங்க். 2ஆர்எக்ஸ்8 என்றால் இரண்டு ரேங்க், பதினாறு சிப். எக்ஸ்16 என்று போட்டிருந்தால் நான்கு சிப்பிலேயே ஒரு ரேங்க் முடிந்துவிடும். விலை மலிவான ரேம்களில் அது நிறைய வரும், வேகத்தில் ஒரு படி கம்மி.

ரேங்க் வேறாக இருந்தால் சேர்ந்து ஓடாது என்று எதுவும் கிடையாது. வேகத்துக்குப் பின்னால் வரும் எழுத்து தாமதக் கணக்கு. வி என்றால் சிஎல் 19, அதாவது 19 கடிகாரத் துடிப்புத் தாமதம், ஏஏ என்றால் சிஎல் 22. எண்ணைப் பார்த்து 3200 தாமதமானது என்று நினைத்துவிடாதீர்கள். நேரமாக மாற்றினால் 2666-க்கு 14.25 நானோ வினாடி, 3200-க்கு 13.75. கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அதை விடுங்கள். உங்கள் 16-ல் சிப் எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும். எஸ்பிடி எள் கணக்கில் வராது, பெரிய கறுப்புச் சதுரம் மட்டும்.

கடலைமிட்டாய் (ஜனவரி 10, இரவு 7.40)

ஸ்டிக்கர் இருக்கும் பக்கத்தில் விரலால் தடவிப் பார்த்தேன், அடியில் நான்கு மேடு தெரிகிறது. டார்ச் அடித்து ஓரத்தில் பார்த்தாலும் நான்குதான். மறுபக்கம் நான்கு. மொத்தம் எட்டு.

நள்ளிரவு லினக்ஸ் (ஜனவரி 10, இரவு 7.48)

அதுதான் வேண்டியது. 2ஆர்எக்ஸ்8 என்று ஸ்டிக்கர் சொல்கிறது, அப்படியானால் பதினாறு சிப் இருக்க வேண்டும். உங்கள் கையில் இருப்பது எட்டு. சிபியூ-இசட் என்ற மென்பொருளைப் போட்டு அதன் எஸ்பிடி பக்கத்தில் ரேங்க், தயாரித்த வாரம், வருடம் மூன்றையும் பாருங்கள்.

கடலைமிட்டாய் (ஜனவரி 10, இரவு 8.25)

ரேங்க்: சிங்கிள். ஸ்டிக்கரில் 2023 என்று இருக்கிறது, உள்ளே 2021. வாரமும் ஒத்துப்போகவில்லை.

ஏமாந்துவிட்டேனா?

ஸ்க்ரூடிரைவர் சிகாமணி (ஜனவரி 10, இரவு 8.50)

ஸ்டிக்கர் மாறியிருக்கிறது தம்பி. வேறு ரேமிலிருந்து உரித்து ஒட்டியிருப்பார்கள், இல்லை அச்சடித்து ஒட்டியிருப்பார்கள். பழைய சரக்கில் இது நடக்கிறதுதான். கடைக்காரருக்குத் தெரிந்தே கொடுத்தார் என்றும் சொல்ல முடியாது, அவருக்கும் மூட்டையாகத்தான் வரும்.

ஆனால் ஒன்று. ஸ்டிக்கர் பொய் என்பதால் ரேம் கெட்டது என்று ஆகிவிடாது. நல்ல ரேமில் பொய் ஸ்டிக்கர் பார்த்திருக்கிறேன், உண்மை ஸ்டிக்கர் ஒட்டிய கெட்ட ரேமும் பார்த்திருக்கிறேன். சோதித்துத்தான் சொல்ல முடியும். நீ ஓட்டின விண்டோஸ் சோதனை சும்மா தொட்டுப் பார்க்கிற மாதிரி. அது ஓடும்போது எஃப்1 அழுத்தினால் எக்ஸ்டெண்டட் என்று ஒன்று வரும், அது பரவாயில்லை. ஆனாலும் நான் மெம்டெஸ்ட்86 தான் ஓட்டுவேன். இலவசப் பதிப்பே போதும். பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்து பூட் செய், செக்யூர் பூட்டை அணைக்கத் தேவையில்லை.

ஒரு கேள்வி. புது 16-ஐத் தனியாகப் போட்டு அரை நாள் வைத்திருந்தேன் என்றாயே, அந்த அரை நாள் என்ன வேலை பார்த்தாய்?

கடலைமிட்டாய் (ஜனவரி 10, இரவு 9.00)

ஒரு படம் பார்த்தேன் அண்ணா. அப்புறம் சாப்பிடப் போய்விட்டேன்.

ஸ்க்ரூடிரைவர் சிகாமணி (ஜனவரி 10, இரவு 9.06)

அதுதானே பார்த்தேன். படம் பார்க்க 16 ஜிபி ரேமில் மூன்றோ நான்கோ தான் தொடப்படும். பன்னிரண்டாவது ஜிபியில் ஓட்டை இருந்தால் உனக்கு எப்படித் தெரியும்? பெரிய ஃபைல் காப்பி செய்தால் கதை வேறு. மிச்சம் இருக்கிற ரேமையெல்லாம் விண்டோஸ் கேஷாக, அதாவது தற்காலிகக் கிடங்காக, எடுத்துக்கொள்ளும். எஸ்டி கார்டிலிருந்து வந்த படம் அந்த ஓட்டையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் டிஸ்குக்குப் போயிருக்கும். உன் ஜிப் கெட்டதுக்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

எஸ்டி கார்டை அழித்துவிடவில்லையே?

கடலைமிட்டாய் (ஜனவரி 10, இரவு 9.08)

இல்லை! நாளைக்கு அழிப்பதாக இருந்தேன்.

ஸ்க்ரூடிரைவர் சிகாமணி (ஜனவரி 10, இரவு 9.10)

அழிக்காதே. பீரோவில் வைத்துப் பூட்டு.

இனி சோதிக்கிற முறை. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். முதலில் இரண்டையும் போட்டு ஓட்டு. பிழை வந்தால் நிறுத்திவிடு. அப்புறம் பழையது மட்டும், நான்கு சுற்று. அப்புறம் புதியது மட்டும் அதே ஸ்லாட்டில், நான்கு சுற்று. அதில் பிழை வந்தால் புதியதை மற்ற ஸ்லாட்டில் போட்டு மறுபடி. முதல் சுற்று சுருக்கமாக ஓடும், அதில் தப்பித்துவிட்டது என்று நிறுத்திவிடாதே. ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கு.

ஒவ்வொரு முறை கழற்றும்போதும் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடு. சும்மா கொடுத்தால் விண்டோஸ் பாதி நினைவை டிஸ்கில் வைத்துவிட்டுத்தான் தூங்கும். சார்ஜரைப் பிடுங்கு, அடிமூடியைத் திறந்ததும் பேட்டரி கனெக்டரை முதலில் கழற்று, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடி. அதற்கு அப்புறம்தான் ரேமில் கை வைக்கணும். ரேமை முப்பது டிகிரி சாய்வில் சொருகி, தங்க நிறக் கால்கள் கிட்டத்தட்ட முழுக்க மறைந்த பிறகு கீழே அமுக்கு. இரண்டு பக்கக் கிளிப்பும் "டக்" என்று பிடிக்கணும். ஒரு பக்கம் மட்டும் பிடித்ததை வைத்துக்கொண்டு "மேட்ச் ஆகவில்லை" என்று வருகிறவர்கள் என் கடைக்கு மாதம் இரண்டு பேராவது உண்டு.

பொறுமை இல்லாதவன் (ஜனவரி 11, காலை 8.00)

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கும் ரேம் பிரச்சினைதான். ஐ5-4200யூ லேப்டாப், 4 ஜிபி இருந்தது. அப்பாவின் பழைய லேப்டாப்பிலிருந்து இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 எடுத்துப் போட்டேன். லைட் எரிகிறது, திரை வரவில்லை, பீப் பீப் என்று கத்துகிறது. எடுத்துவிட்டால் சரியாகிவிடுகிறது.

மட்டுறுத்துநர் (ஜனவரி 11, காலை 8.30)

பொறுமை இல்லாதவன், அடுத்த முறை தனி இழை தொடங்குங்கள். இந்த ஒரு முறை விட்டுவிடுகிறேன். சுருக்கமாக யாராவது பதில் சொல்லிவிடுங்கள்.

ஸ்க்ரூடிரைவர் சிகாமணி (ஜனவரி 11, காலை 8.55)

உன் கேஸ்தான் உண்மையான "மேட்ச் ஆகாது" கேஸ் தம்பி. ஸ்டிக்கரைப் பார். பிசி3 என்று இருக்கிறதா, பிசி3எல் என்று இருக்கிறதா? எல் இல்லாதது 1.5 வோல்ட், எல் உள்ளது 1.35 வோல்ட். உன்னுடைய நாலாம் தலைமுறை யூ பிராசஸருக்கு 1.35 தான். ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும், இரண்டுக்கும் 204 கால்தான், வெட்டும் ஒரே இடத்தில்தான். அதனால்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். டிடிஆர்4-க்கு 260 கால், டிடிஆர்5-க்கு 262, வெட்டும் இடம் மாறிவிடும். அதை இதில் சொருகவே முடியாது, அந்தத் தொந்தரவு இல்லை.

8 ஜிபியாக வாங்கப் போகிறாய் என்றால் இன்னொன்றும் கேட்டுக்கொள். 8 ஜிபி டிடிஆர்3எல்லில் பதினாறு சிப் இருக்க வேண்டும். எட்டே சிப்பில் 8 ஜிபி என்றால் அது 8 ஜிகாபிட் சிப், ஒவ்வொன்றும் 1 ஜிபி. நாலாம் தலைமுறை அதை எடுத்துக்கொள்ளாது. ஐந்தாம் தலைமுறையிலிருந்துதான் எடுக்கும்.

பொறுமை இல்லாதவன் (ஜனவரி 11, காலை 9.10)

பிசி3 என்றுதான் இருக்கிறது. எல் இல்லை. நன்றி சார்!

கடலைமிட்டாய் (ஜனவரி 12, காலை 7.00)

முதல் தகவல். இரண்டையும் போட்டு நேற்று மாலை ஓட்டினேன். நாற்பது நிமிடத்தில் சிவப்பு வரி வர ஆரம்பித்தது. பதினேழு பிழை வரை பார்த்துவிட்டு நிறுத்தினேன். அம்மா எட்டிப் பார்த்து, "என்னடா, டிவி மாதிரி கலர் கலராக ஓடுகிறது" என்றார்கள்.

ராத்திரி பழையதைப் போட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் நான்கு சுற்றும் முடிந்து பச்சையில் பாஸ் என்று நின்றது.

நள்ளிரவு லினக்ஸ் (ஜனவரி 12, காலை 7.30)

அந்தச் சிவப்பு வரிகளில் எதிர்பார்த்த மதிப்பு, கிடைத்த மதிப்பு என்று இரண்டு எண் வரும். அவை எங்கே வேறுபடுகின்றன என்று கவனித்தீர்களா? எப்போதும் ஒரே இலக்கமா?

கடலைமிட்டாய் (ஜனவரி 12, காலை 7.42)

ஃபோனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். பதினேழிலும் ஒரே இடத்தில் ஒரே ஒரு இலக்கம்தான் மாறியிருக்கிறது. 0 இருக்க வேண்டிய இடத்தில் 4.

நள்ளிரவு லினக்ஸ் (ஜனவரி 12, காலை 7.50)

0-க்கும் 4-க்கும் இரும எண்ணில் ஒரே ஒரு பிட்தான் வித்தியாசம். அப்படியானால் ஒரே பிட் திரும்பத் திரும்பத் தவறுகிறது. இரண்டு ரேமுக்கும் ஒத்துவராமல் நேரக்கணக்கு தவறினால் பிழை பல பிட்டில் சிதறி வரும், பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரே பிட் என்றால் எனக்கு ஒரே சிப் மீதுதான் சந்தேகம். புதியதைத் தனியாக ஓட்டுங்கள், கொஞ்சமும் அவசரப்படாமல்.

கடலைமிட்டாய் (ஜனவரி 13, காலை 6.50)

புதியது தனியாக, அதே ஸ்லாட்டில். முதல் சுற்று சுத்தம். இரண்டாவது சுத்தம். இரவு பன்னிரண்டரைக்கு ஒரு தடவை எழுந்து பார்த்தபோது கூட ஒன்றும் இல்லை, நீங்கள் எல்லோரும் சொன்னது தப்போ என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். காலையில் பார்த்தால் மூன்றாம் சுற்றில் மூன்று பிழை, நான்காம் சுற்றில் ஒன்பது. ஃபோட்டோவை வைத்து ஒப்பிட்டேன். அதே இலக்கம். அதே 4.

இன்று ஆபீஸுக்குப் போகும்போது மற்ற ஸ்லாட்டில் போட்டு ஓடவிட்டுப் போகிறேன்.

வன்னிக்காரன் (ஜனவரி 13, காலை 8.20)

இரண்டும் சேர்ந்தால் நாற்பது நிமிடம், தனியாக இருந்தால் மூன்றாம் சுற்று. ஏன் இந்த வித்தியாசம்?

ஸ்க்ரூடிரைவர் சிகாமணி (ஜனவரி 13, காலை 9.00)

சூடு என்பது என் கணக்கு. ரேம் செல்லில் இருக்கிற மின்சாரம் தானாகக் கசியும், நொடிக்குப் பல தடவை புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். சூடு ஏற ஏறக் கசிவு கூடும். பலவீனமான செல் குளிரில் தாங்கும், சூட்டில் தாங்காது. அந்த லேப்டாப்பில் இரண்டு ஸ்லாட்டும் ஒன்றை ஒன்று ஒட்டித்தானே இருக்கிறது? ஒன்றின் சூடு இன்னொன்றுக்கும் ஏறும்.

தம்பிக்கு நேரம் இருந்தால் ஒரு தடவை அடிமூடி இல்லாமல் கவிழ்த்து வைத்து, டேபிள் ஃபேனை அதன் மேலேயே திருப்பி ஓட்டிப் பார்க்கலாம். கட்டாயம் இல்லை, எனக்கு ஆசை, அவ்வளவுதான்.

கடலைமிட்டாய் (ஜனவரி 14, காலை 10.15)

போகி முடிந்த கையோடு எழுதுகிறேன். மற்ற ஸ்லாட்டிலும் அதே பிழை, அதே இலக்கம். ஸ்லாட் மேல் குற்றம் இல்லை.

அண்ணன் கேட்டதற்காக ஃபேன் சோதனையும் செய்தேன். லேப்டாப்பைக் கட்டிலில் கவிழ்த்து வைத்து, திரை கட்டிலுக்கு வெளியே கீழே தொங்க, அதன் கீழே தரையில் படுத்துக்கொண்டு முன்னேற்றம் பார்த்தேன். நான்கு சுற்றும் சுத்தமாக வந்தது அண்ணா! ஒரு பிழை இல்லை. அப்புறம் மூடியைப் போட்டு ஓட்டினால் மறுபடியும் அதே 4.

கேமர் கருப்பு (ஜனவரி 14, காலை 10.30)

சரி, நான் தோற்றேன். அந்த 4-ஐ ஃப்ரேம் போட்டு மாட்டுங்கள்.

கடலைமிட்டாய் (ஜனவரி 18, மாலை 5.00)

பொங்கல் முடிந்து நேற்றுக் கடைக்குப் போனேன். ஸ்டிக்கர் விஷயத்தை முதலில் எடுக்கவில்லை. ஃபோனில் சிவப்பு வரியைக் காட்டி, தனியாகப் போட்டாலும் பிழை வருகிறது என்றேன். "மேட்ச் ஆகாது சார்" என்று மறுபடி ஆரம்பித்தார். கூட எதுவுமே இல்லாதபோது எதோடு மேட்ச் ஆகவில்லை என்று கேட்டேன். சிரித்துவிட்டார். அதன் பிறகுதான் எட்டுச் சிப்பைக் காட்டினேன். அவரே எண்ணிப் பார்த்தார், ஸ்டிக்கரைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

இன்னொரு 16 இல்லை என்றார். 8 ஜிபி 2666 ஒன்று இருந்தது, 1ஆர்எக்ஸ்8, சிப் எட்டு, அங்கேயே நின்று எண்ணினேன். அதையும் மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு வந்தேன். இப்போது 8+8. ராத்திரி முழுக்க இரண்டையும் சேர்த்து ஓட்டினேன், நான்கு சுற்றும் பச்சை.

தமாஷ் என்னவென்றால் இப்போது இருக்கும் இரண்டும் வேறு வேறு கம்பெனி. தாமதக் கணக்கிலும் ஒரு எண் வித்தியாசம்.

ஸ்க்ரூடிரைவர் சிகாமணி (ஜனவரி 18, மாலை 5.30)

நல்லது தம்பி. முழு 16-ம் இரட்டைச் சேனலில் ஓடும். உன் வேலைக்கு இது போதும். உள்கிராபிக்ஸ் ரேமிலிருந்துதானே எடுத்துக்கொள்கிறது, அதற்கும் ஒற்றை 8-ஐ விட நல்ல வித்தியாசம் தெரியும்.

அந்த நான்கு நாளில் காப்பி செய்த படங்களை என்ன செய்தாய்?

கடலைமிட்டாய் (ஜனவரி 18, இரவு 9.45)

எஸ்டி கார்டில் இருப்பதையும் டிஸ்கில் இருப்பதையும் ஹாஷ் (ஃபைலின் கைரேகை மாதிரி ஒரு எண்) போட்டு ஒப்பிட்டேன். நள்ளிரவு லினக்ஸ் தனி மடலில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் அனுப்பினார், அவருக்கு நன்றி. 2,300 படத்தில் பதினொன்று மாறியிருக்கிறது. ஒன்பது திறந்து பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை. ஒன்றில் கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல் நிறம். இன்னொன்றில் மாப்பிள்ளை தாலி கட்டும் இடத்திலிருந்து படம் அரை அங்குலம் வலது பக்கம் நகர்ந்து பச்சையாகிவிட்டது. பதினொன்றையும் கார்டிலிருந்து மறுபடி எடுத்துவிட்டேன். பச்சை மாப்பிள்ளையைத் தங்கைக்கு அனுப்பினேன், அதையே வாட்ஸ்அப் டிபியாக வைத்திருக்கிறாள்.

நள்ளிரவு லினக்ஸ் (ஜனவரி 18, இரவு 10.05)

அந்த நாட்களில் விண்டோஸ் அப்டேட் ஏதாவது ஏறியிருந்தால் சிஸ்டம் ஃபைல்களையும் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள். அட்மினாகக் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து "எஸ்எஃப்சி ஸ்கேன்நவ்" ஓட்டினால் போதும், ஸ்கேன்நவ்வுக்கு முன்னால் ஒரு சாய்கோடு வேண்டும். பயாஸ் அப்டேட் ஏதும் செய்வதாக இருந்தால் முன்னதாக, டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அப்புறம் விண்டோஸ் அதைக் கேட்டாலும் கேட்கும்.

கடலைமிட்டாய் (ஜனவரி 18, இரவு 10.40)

ஓட்டினேன். இரண்டு ஃபைல் சரிசெய்ததாகச் சொல்கிறது.

பொறுமை இல்லாதவன் (ஜனவரி 19, காலை 8.10)

எல் போட்ட ரேம் வாங்கிப் போட்டேன். பீப் நின்றது, 8 ஜிபி வந்துவிட்டது. கையில் இருக்கும் 1.5 வோல்ட் 4 ஜிபி யாருக்காவது வேண்டுமா? நல்ல ரேம்தான்.

மட்டுறுத்துநர் (ஜனவரி 19, காலை 8.25)

விற்பனைக்குத் தனிப் பகுதி இருக்கிறது. அதற்கு முன், என்னிடம் 1.5 வோல்ட் ரேம் எடுக்கும் இரண்டாம் தலைமுறை ஐ3 ஒன்று தூங்குகிறது. சிப் எத்தனை என்று எண்ணி, மெம்டெஸ்ட் நான்கு சுற்று ஓட்டிவிட்டுத் தனி மடல் போடுங்கள்.